பற்றரிமேல் ஏறும் பழி

காலை வேளையில் வெள்ளவத்தைச் சந்தைக்கு அண்மையிற் காலி வீதியோரம் சிறிது நேரம் நின்று பார்ப்பவர், நம் நாட்டு வாழ்க்கையில் மோட்டார்ச் சைக்கிள் பெற்றிருக்கும் இடத்தை எளிதில் உணர்ந்துகொள்வார். இலங்கையிற் பதிவு செய்யப்பட்டுள்ள வாகனங்களுட் பாதிக்கு மேற்பட்டவை மோட்டார்ச் சைக்கிள்களே. அலுவலகம் செல்பவர், பிள்ளையைப் பாடசாலையில் இறக்கிவிடும் தந்தை, கடைக்குப் பொதி சுமப்பவர், சமைத்த உணவை வீடு வீடாகக் கொண்டு சேர்க்கும் இளைஞர் ஆகிய பலருக்கும் அது ஊர்தி. சிலருக்கு அதுவே சோறு. அத்தகைய வண்டி ஒருநாட் காலையிற் பொத்தானை அழுத்தியதும் 'டிக்' என்ற ஓரொலியோடு அடங்கிவிட்டால், அன்றைய வருமானமும் அங்கேயே அடங்கிவிடுகின்றது.

இவ்வேளையில் அயலிலுள்ளோர் கூறும் தீர்ப்பு பெரும்பாலும் ஒன்றே. "பற்றரி போய்விட்டது, புதிதாக ஒன்று போடுங்கள்" என்பர். வண்டிக்காரர் பஞ்சிகாவத்தைக்குச் சென்று, உதிரிப்பாகக் கடையொன்றிற் புதிய பற்றரி வாங்கிப் பூட்டுவார். வண்டியும் உறுமிக்கொண்டு புறப்படும். இரண்டு கிழமை சென்றதும் மறுபடியும் அதே 'டிக்' என்ற ஒலி கேட்கும். இம்முறை, "இந்தப் பற்றரி நல்ல சாதியன்று" என்று இன்னொரு தீர்ப்பு வழங்கப்படும். விசாரணையின்றி வழங்கப்பட்ட இரு தீர்ப்புகளுக்கும் தண்டம் செலுத்துபவர் வண்டிக்காரரே.

உண்மையில், மின்னேற்ற ஒழுங்கிற் கோளாறு ஏற்படும்போது நோய் தோன்றும் இடம் பற்றரியாயினும், நோய் பிறந்த இடம் அதுவாகவே இருக்க வேண்டியதில்லை. நோய் பிறந்த இடத்தை அளந்து அறிவது எங்ஙனம் என்பதே இன்று நாம் ஆராயவிருக்கும் பொருள். இதற்குப் பெரிய கருவிகள் தேவையில்லை. மல்ரிமீற்றர் என்று கடைகளிற் கேட்டு வாங்கும் பன்மானி ஒன்றும், சிறிது பொறுமையும், கேள்விகளை ஓர் ஒழுங்கிற் கேட்கும் பழக்கமும் போதும்.

இவ்வறிவுக்கு நம் நாட்டில் ஒரு தனித் தேவையும் உண்டு. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்கள் மீண்டும் வருவதற்கு 2025ஆம் ஆண்டின் தொடக்கம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இடைப்பட்ட அவ்வைந்து ஆண்டுகளில் முன்பே இருந்த வண்டிகளைத் திருத்தித் திருத்தியே மக்கள் ஓட்டினர். பத்தாண்டும் பதினைந்தாண்டும் ஓடிய வண்டிகள் கொழும்புத் தெருக்களிற் பல. அவற்றின் வயர்களும் இணைப்புகளும் வண்டியோடு சேர்ந்தே முதுமையடைந்தவை என்பதை மறத்தலாகாது.

முதலில் மின்னேற்ற ஒழுங்கு என்பது யாது எனக் காண்போம். கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் தொடர்மாடிகளில் வாழும் நேயர்களுக்கு இதனை விளக்குவது எளிது. மாடியின் உச்சியில் ஒரு தண்ணீர்த் தாங்கி இருக்கின்றது. கீழேயுள்ள பம்பி நீரை மேலே ஏற்றுகின்றது. தாங்கி நிரம்பியதும் மிதவை அடைப்பான் நீரை நிறுத்துகின்றது. குழாய்கள் நீரைக் கொண்டு செல்கின்றன. வீடுகளில் நீர் வரவில்லை என்றால் உடனே தாங்கியை மாற்றுவார் உண்டோ? பம்பி ஓடுகின்றதா, குழாய் அடைபட்டுள்ளதா, எங்கேனும் கசிகின்றதா, தாங்கிதான் வெடித்துள்ளதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள் அல்லவா? மோட்டார்ச் சைக்கிளிற் பற்றரியே தாங்கி. எஞ்சினோடு சுழலும் மின்பிறப்பாக்கியே பம்பி. றெகுலேற்றர் எனப்படும் சீராக்கியே மிதவை அடைப்பான். வயர்களும் இணைப்புகளும் குழாய்கள்.

மின்பிறப்பாக்கியின் அடிப்படை, 1831ஆம் ஆண்டில் மைக்கேல் பரடே கண்டறிந்த உண்மையே. ஒரு கம்பிச் சுருளின் அருகே காந்தப்புலம் மாறிக்கொண்டிருக்குமாயின் அச்சுருளில் மின் பிறக்கும். இன்றைய மோட்டார்ச் சைக்கிள்களிற் பெரும்பாலானவற்றில், எஞ்சினின் அச்சோடு சுழலும் சில்லின் உட்புறத்தில் நிலைக்காந்தங்கள் பதிக்கப்பட்டுள்ளன. அதன் நடுவே, அசையாத இரும்பு அகணியின்மேற் செப்புக் கம்பி சுற்றப்பட்டிருக்கும். அசையாத அச்சுருளையே ஸ்ரேற்றர் என்றும், கராச்சுகளில் மக்னெற் கொயில் என்றும் கூறுவர். முற்காலத்து பீ.எஸ்.ஏ. வண்டிகள் சிலவற்றில் ஆறு வோல்ற்றுத் தைனமோ இருந்தது. அதன் தூரிகைகள் தேயும். அவற்றை மாற்ற வேண்டும். நிலைக்காந்த முறையிற் தேயும் தூரிகை இல்லை என்பது பெரிய ஆறுதல்.

ஆயினும் இம்முறையிற் சிக்கல் ஒன்று உண்டு. நிலைக்காந்தத்தின் வலிமையைக் கூட்டவோ குறைக்கவோ இயலாது. எஞ்சின் விரைந்து சுழலச் சுழலச் சுருளிற் பிறக்கும் வோல்ற்றளவும் உயர்ந்துகொண்டே போகும். மேலும், சுருளிற் பிறப்பது திசை மாறி மாறி ஓடும் ஆடலோட்டம். பற்றரிக்கு வேண்டியதோ ஒரே திசையில் ஓடும் நேரோட்டம். ஆகவே சீராக்கி இரு தொழில்களைச் செய்ய வேண்டியிருக்கின்றது. இருவாயிகளின் வழியாக ஆடலோட்டத்தை நேரோட்டமாக்குவது ஒன்று. வோல்ற்றளவு ஏறத்தாழ 14½ வோல்ற்றைக் கடவாமற் காப்பது மற்றொன்று. பல வண்டிகளில் உள்ள சீராக்கி, மிகையான மின்னைச் சுருளுக்கே குறுக்காகத் திருப்பிவிட்டு அடக்குகின்றது. அதனால் அது சூடேறுவது இயல்பு. அதன் உடலிற் செதில் செதிலாக உலோகத் தகடுகள் அமைந்திருப்பது காற்றுப் பட்டு வெப்பம் ஆறுவதற்கே. அதனைச் சேறு மூடுவதும், காற்றுப் படாத மூலையிற் கட்டிவைப்பதும் அதன் ஆயுளைக் குறைக்கும்.

இனி விசாரணையைத் தொடங்குவோம். முதற் கேள்வி: பற்றரி மின்னைக் கொள்ளுகின்றதா?

பன்னிரண்டு வோல்ற்று ஈயப் பற்றரி என்பது ஆறு கலங்களின் தொடர். நிறைந்த நிலையில் ஒவ்வொரு கலமும் 2.1 வோல்ற்றளவு தரும். ஆகவே ஓடாது சில மணி நேரம் ஓய்ந்திருந்த வண்டியிற் பற்றரியின் இரு முனைகளுக்கும் இடையே 12.6 முதல் 12.8 வோல்ற்று வரை காட்டுமாயின் அது நிறைந்துள்ளது எனலாம். 12.4 காட்டின் ஏறத்தாழ முக்காற் பங்கும், 12.2 காட்டின் ஏறத்தாழ அரைப் பங்கும் மின் உள்ளது. 12க்குக் கீழே வந்தால் அது வறண்ட பற்றரி. ஓடி வந்து நிறுத்திய உடனே அளப்பின், மேற்பரப்பில் நிற்கும் மின்னேற்றம் பொய்யான நிறைவைக் காட்டும். ஆதலாற் காலையில், வண்டியைத் தொடுமுன் அளப்பதே சிறந்தது.

ஓய்வில் 12.6 காட்டும் பற்றரியும் வலுவற்றதாக இருக்கக்கூடும். எனவே சுமையேற்றிப் பார்த்தல் வேண்டும். பன்மானியை முனைகளிற் பிடித்தபடியே ஸ்ரார்ட்டர்ப் பொத்தானை அழுத்துக. வோல்ற்றளவு சற்றே இறங்கி, 10 வோல்ற்றளவில் நிலைத்து நின்றாற் பற்றரி தாங்கும். ஆறு, ஏழு என்று சரிந்து விழுந்தால், அது உள்ளே வலுவிழந்துள்ளது. அல்லது வறண்டு கிடக்கின்றது. எது என்பதை அறியப் பற்றரியை வெளியே முழுமையாக மின்னேற்றிய பின் மீண்டும் சோதிக்க வேண்டும். ஓர் இரவு முழுதும் மின்னேற்றிய பின்னரும் ஓய்வில் 10.5 வோல்ற்றே காட்டுமாயின், ஆறு கலங்களில் ஒன்று மாண்டது என்று பொருள். ஐந்து கலங்களின் கூட்டுத்தொகை அதுவே அன்றோ? அப்பற்றரி மாற்றப்பட வேண்டியதே. அப்பொழுதுகூட, அது தானாக மாண்டதா, பிறிதொன்று அதனை மாய்த்ததா என்ற கேள்வி எஞ்சியிருக்கின்றது.

ஏனெனில் ஈயப் பற்றரி பட்டினியைப் பொறுக்காது. வறண்ட நிலையில் நாட்கணக்கிற் கிடந்தால், தகடுகளிற் படியும் ஈய சல்பேற்று கடினமான பளிங்குகளாக இறுகிவிடும். பின்னர் எவ்வளவு மின்னேற்றினும் அப்பகுதி உயிர்பெறாது. 2022ஆம் ஆண்டில் எரிபொருள் நெருக்கடி நேர்ந்தபோது இது பலருக்கும் அனுபவமாயிற்று. அவ்வாண்டு ஜூன் மாத இறுதி முதல் ஜூலை 10ஆம் திகதி வரை அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என அரசாங்கம் அறிவித்தது. அதன்பின் வந்த கியூஆர் முறையில் மோட்டார்ச் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் பெற்றோல் என்ற அளவு வகுக்கப்பட்டது. ஓடாது நின்ற வண்டிகளிற் பற்றரிகள் மெல்ல மெல்ல வறண்டன. பெற்றோல் கிடைத்த பின்னரும் பொத்தானுக்கு இணங்காத வண்டிகள் பல. ஊரைவிட்டுச் சில கிழமை செல்பவர்கள் பற்றரியின் எதிர்முனையைக் கழற்றிவிட்டுச் செல்வது நன்று.

இரண்டாம் கேள்வி: பற்றரிக்கு மின் வந்து சேர்கின்றதா?

மின்னேற்றிய நல்ல பற்றரியைப் பூட்டி எஞ்சினை ஓடவிடுக. பன்மானியைப் பற்றரி முனைகளில் வைத்தவாறே முறுக்கியை மெல்லத் திருப்பி, நிமிடத்துக்கு நாலாயிரம் அல்லது ஐயாயிரம் சுற்றுக்கு எஞ்சினை உயர்த்துக. இச்சோதனை மூன்று விடைகளில் ஒன்றைத் தரும். வோல்ற்றளவு 13½க்கும் 14½க்கும் இடையில் ஏறி அங்கே நிற்குமாயின் மின்னேற்றம் சரி. குற்றம் வேறெங்கோ உள்ளது. 12½ அளவிலேயே நின்றோ, முறுக்க முறுக்கக் குறைந்தோ போகுமாயின் மின் வரவில்லை. 15க்கு மேல் ஏறிப் போகுமாயின் மின் மிகையாக வருகின்றது. ஐந்து நிமிடமும் ஆகாத இந்த ஒரு சோதனையைச் செய்யாமற் பற்றரி வாங்கச் செல்வது, வைத்தியர் நாடி பாராமல் மருந்து அரைப்பதை ஒக்கும்.

சிறு வண்டிகள் சிலவற்றில் முகப்பு விளக்கு பற்றரியிலிருந்து அன்றி நேரே சுருளிலிருந்தே ஒளி பெறும் என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். அத்தகைய வண்டியில், எஞ்சின் மெதுவாக ஓடும்போது விளக்கு மங்குவதும் முறுக்கும்போது பிரகாசிப்பதும் இயல்பே. அதனைக் கொண்டு பற்றரியைக் குற்றஞ்சாட்டுதல் பொருந்தாது. ஹோர்ன் ஒலியும் சிக்னல் விளக்கும் வலுவிழப்பதே அங்கு மின்னேற்றக் குறைவுக்கு அறிகுறி.

மின் வரவில்லை என்று கண்டால், உடனே சுருளையோ சீராக்கியையோ மாற்ற முற்படல் ஆகாது. முதலில் வழியைப் பார்க்க வேண்டும். கொழும்பிற் கடலோரத்தில் வாழ்பவர்களுக்கு இது மிகவும் முக்கியம். வெள்ளவத்தையிற் புகையிரதப் பாதைக்கும் காலி வீதிக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளில் இரவெல்லாம் நிற்கும் வண்டிமேற் கடற்காற்று உப்பை ஓயாது படியவிடுகின்றது. கொட்டாஞ்சேனையும் துறைமுகத்தை அடுத்த இடமே. மே மாதந் தொட்டு வீசும் தென்மேற்குப் பருவக்காற்று ஈரத்தையும் கூட்டுகின்றது. உப்பும் ஈரமும் செப்பைப் பச்சையாக்கும், ஈயத்தை வெண்பொடியாக்கும். வெளியிலே நன்றாகத் தோன்றும் பிளாஸ்ரிக் இணைப்பின் உள்ளே செப்புத் தகடு பச்சை பூத்துக் கிடப்பதை வயரிங் வேலை செய்பவர்கள் நன்கு அறிவர்.

அந்தச் சிறு பச்சை என்ன செய்யும் என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். இணைப்பொன்றில் அரை ஓம் தடை ஏற்பட்டுள்ளது என்று கொள்க. அதன் வழியாக மூன்று அம்பியர் மின்னோட்டம் செல்லும்போது ஒன்றரை வோல்ற்று அங்கேயே இழக்கப்படும். சீராக்கி 14.3 வோல்ற்றை நேர்மையாகக் கொடுத்தும் பற்றரிக்குச் சேர்வது 12.8 மட்டுமே. இழந்த மின் நாலரை உவாற்று வெப்பமாகி அந்த இணைப்பையே உருக்கத் தொடங்கும். சுருளும் நல்லது, சீராக்கியும் நல்லது, பற்றரியும் நல்லது. ஆயினும் வண்டி காலையிற் புறப்படாது. மூன்றையும் மாற்றினாலும் புறப்படாது.

இதனைக் கண்டுபிடிக்கும் முறை எளிது. எஞ்சினை ஓடவிட்டு முகப்பு விளக்கையும் எரியவிடுக. பன்மானியின் ஒரு முனையைச் சீராக்கியின் நேர் வெளியீட்டு வயரிலும் மற்ற முனையைப் பற்றரியின் நேர்முனையிலும் வைத்து அளக்க. வழி செம்மையாக இருப்பின் 0.2 வோல்ற்றுக்கு மேற் காட்டலாகாது. அவ்வாறே சீராக்கியின் உடலுக்கும் பற்றரியின் எதிர்முனைக்கும் இடையேயும் அளக்க. அரை வோல்ற்றோ ஒரு வோல்ற்றோ காட்டினால், அவ்விரு இடங்களுக்கு நடுவே திருடன் ஒளிந்திருக்கின்றான். இடையிலுள்ள ஒவ்வோர் இணைப்பையும் பியூசையும் தனித்தனியே அளந்து அவனைப் பிடிக்கலாம். பிடித்தபின் அரத்தாளாற் சுரண்டிச் சுத்தம் செய்து, இறுக்கி, மேலே சிறிது வாசலின் பூசினால் அம்மட்டில் வேலை முடியும். செலவு சில ரூபாய். கருகிய இணைப்பாயின் அதனை வெட்டி எறிந்து புதியது பொருத்துக. கருகியதைச் சுரண்டிப் பயனில்லை.

வழி செம்மையாக இருந்தும் மின் வரவில்லையாயின், அடுத்துப் பார்க்க வேண்டியது சுருள். எஞ்சினை நிறுத்தி, சுருளிலிருந்து சீராக்கிக்குச் செல்லும் இணைப்பைக் கழற்றுக. மூன்று வயர் கொண்ட முறையில் அவை பெரும்பாலும் மஞ்சள் நிறமாக இருக்கும். மூன்றையும் இரண்டிரண்டாகச் சேர்த்துத் தடையை அளக்க. மூன்று அளவுகளும் ஒன்றாக இருத்தல் வேண்டும். அவை பெரும்பாலும் ஒரு ஓமை அடுத்த அல்லது அதனிலும் சிறிய அளவுகளாக இருக்கும்; சரியான எண்ணை அவ்வண்டிக்குரிய கைந்நூலிற் காண்க. மலிவான பன்மானியின் சொந்த வயர்களே சில பத்திலொரு ஓம் தடை கொண்டவை. ஆதலால் முதலில் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு, காட்டும் எண்ணைக் கழித்துக்கொள்ளல் வேண்டும். பின்னர் ஒவ்வொரு மஞ்சள் வயருக்கும் எஞ்சின் உடலுக்கும் இடையே அளக்க. அங்கே தொடர்பு சிறிதும் இருத்தலாகாது. இருந்தாற் காப்பு எரிந்து சுருள் உடலைத் தொட்டுவிட்டது என்பது துணிபு. ஆயினும் ஒரு விலக்கு உண்டு. சிறு வண்டிகள் பலவற்றிற் சுருளின் ஒரு முனை வேண்டுமென்றே எஞ்சின் உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். அங்கே தொடர்பு காட்டுவது நோயன்று, அமைப்பே. எவ்வகை வண்டி என்பதை அறியாது இச்சோதனையைச் செய்பவர் நல்ல சுருளையும் எறிந்துவிடுவார்.

தடை சரியாக இருந்தும் சூடேறியபின் பிழைவிடும் சுருள்களும் உண்டு. ஆகவே இணைப்பைக் கழற்றிய நிலையிலேயே எஞ்சினை ஓடவிட்டு, ஆடலோட்ட அளவிற் பன்மானியை வைத்து வயர்களை இரண்டிரண்டாக அளக்க வேண்டும். மூவயர் முறையில் ஐயாயிரம் சுற்றுக்கு அருகில் ஐம்பது வோல்ற்றோ அதற்கு மேலோ காட்டுதல் பொதுவான வழக்கு. எண்ணைக் காட்டிலும் முக்கியமானது மூன்றும் சமமாக இருப்பதே. இரண்டு அறுபதும் ஒன்று இருபதுமாகக் காட்டினாற் சுருளின் ஒரு பகுதி எரிந்துள்ளது. இச்சோதனையில் வெறும் முனைகளை விரலாற் தொடலாகாது.

சுருளும் நன்று, வழியும் நன்று எனின், எஞ்சியது சீராக்கி. பன்மானியின் இருவாயி அளவிற் சீராக்கியின் ஒவ்வோர் உள்ளீட்டு வயருக்கும் வெளியீட்டு வயருக்கும் இடையே இரு திசையிலும் பார்க்க. ஒரு திசையில் அரை வோல்ற்றளவு காட்டி மறு திசையில் ஒன்றுமே காட்டாதிருப்பது நலம். இரு திசையிலும் மின்னை விட்டாலோ, இரு திசையிலும் மறுத்தாலோ சீராக்கி கெட்டுள்ளது. இருவாயிகள் நன்றாக இருந்தும் வோல்ற்றளவைக் கட்டுப்படுத்தும் பகுதி மட்டும் கெடுவதும் உண்டு. அதனை ஓடும்போது அளந்த 15 வோல்ற்றே நமக்குச் சொல்லியிருக்கும்.

மிகையான மின்னேற்றம் குறைவான மின்னேற்றத்தினும் கொடியது. பற்றரி கொதித்து நீர் வற்றும், பக்கங்கள் உப்பும், விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்துபோகும். விளக்குக் குமிழ்களை அடிக்கடி மாற்றுபவர் குமிழ்க் கடையை நோவதை விடுத்துச் சீராக்கியைச் சோதிப்பது நன்று. சில வண்டிகளில் வோல்ற்றளவை உணர்வதற்கென்றே சீராக்கிக்குத் தனி வயர் ஒன்று செல்லும். அவ்வயரிற் பச்சை பூத்தால், பற்றரி குறைந்திருப்பதாக மயங்கிச் சீராக்கி மேலும் மேலும் ஏற்றும். இங்கும் பழி சீராக்கிக்கு, குற்றமோ இணைப்புக்கு.

மூன்றாம் கேள்வி: வண்டி உறங்கும்போது மின் கசிகின்றதா?

திறப்பை எடுத்தபின் பற்றரியின் எதிர்முனையைக் கழற்றி, முனைக்கும் வயருக்கும் நடுவே பன்மானியை மின்னோட்ட அளவில், முதலிற் பத்து அம்பியர் வீச்சில் இணைக்க. அந்நிலையில் திறப்பைத் திருப்புதலோ பொத்தானை அழுத்துதலோ கூடாது. எளிய வண்டியில் ஓரிரு மில்லியம்பியருக்கு மேற் செல்ல வேண்டிய தேவை இல்லை. இருபது மில்லியம்பியர் செல்கின்றது என்று கொள்க. ஐந்து அம்பியர் மணி கொள்ளும் பற்றரியை அச்சிறு கசிவு 250 மணி நேரத்தில், அஃதாவது பத்தே நாளில், முற்றாக வறட்டிவிடும். திருட்டுத் தடுப்பு மணி, கைப்பேசிக்கு மின்னேற்றும் சிறு கருவி, திறப்பின் வழியன்றி நேரே பற்றரியிற் பூட்டிய அலங்கார விளக்கு ஆகியனவே இத்தகைய கசிவுக்குப் பெரும்பாலும் காரணம். பியூசுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தால் எதனைக் கழற்றும்போது எண் வீழ்கின்றதோ அவ்வழியே கசிவு.

இம்மூன்று கேள்விகளுக்கும் நல்ல விடை கிடைத்தும் பற்றரி நாளடைவில் வறளுமாயின், நான்காம் கேள்வி ஒன்று எஞ்சும். வரவுக்கும் செலவுக்கும் கணக்கு ஒத்துப்போகின்றதா?

கொட்டாஞ்சேனையின் நெருக்கமான தெருக்களில் உணவுப் பொதி சேர்க்கும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். ஐந்து நிமிடம் ஓட்டம், நிறுத்தம், மறுபடியும் பொத்தான். ஸ்ரார்ட்டர் இரண்டு வினாடிக்கு அறுபது அம்பியர் இழுக்கின்றது என்றும், ஓடும்போது பற்றரிக்கு மிஞ்சுவது அரை அம்பியர் என்றும் கொண்டால், ஒருமுறை பொத்தானை அழுத்திய கடனைத் தீர்க்க நான்கு நிமிடம் ஓட வேண்டும். போக்குவரத்து நெரிசலில் எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது அந்த அரை அம்பியரும் மிஞ்சாது. அத்தோடு இருபது உவாற்று விளக்கு இரண்டு கூடுதலாகப் பூட்டினால், மூன்று அம்பியருக்கு மேல் புதுச் செலவு. வரவு அறியாது செலவு செய்யும் குடும்பம் கடனில் மூழ்குவதுபோற் பற்றரியும் மூழ்கும். இதற்கு மருந்து பாகம் மாற்றுவதன்று. கிக்கர் உள்ள வண்டியிற் காலால் உதைத்துப் புறப்படுதலும், மிகை விளக்குகளை நீக்குதலும், கிழமைக்கு ஒருமுறை நீண்ட தூரம் ஓட்டுதலும், அல்லது வீட்டில் மின்னேற்றியால் ஏற்றுதலுமே மருந்து.

இவ்விசாரணையில் ஈடுபடுவோர் சில எச்சரிக்கைகளை மனத்திற் கொள்ளல் வேண்டும். எஞ்சின் ஓடும்போது பற்றரி வயரைக் கழற்றி, "எஞ்சின் நிற்கவில்லை, ஆகவே சார்ஜ் வருகின்றது" என்று தீர்மானிக்கும் பழைய வழக்கம் ஒன்று உண்டு. இதனை அறவே கைவிடுதல் வேண்டும். பற்றரி என்னும் தணிப்பு நீங்கியதும் வோல்ற்றளவு திடீரெனப் பாய்ந்து உயர்ந்து சீராக்கியையும், புதிய வண்டிகளில் எரிபொருளைச் செலுத்தும் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டியையும் ஒருங்கே எரித்துவிடக்கூடும். பற்றரி முனையிற் சிறு ஸ்பானரை உரசித் தீப்பொறி பார்ப்பதும் ஆகாது. மின்னேறும் பற்றரியிலிருந்து எழும் ஐதரசன் வாயு பொறி பட்டால் வெடிக்கும். பற்றரி நீர் வெறும் நீரன்று, சல்பூரிக் கமிலம். கண்ணிற் பட்டால் நிறைந்த நீரால் நெடுநேரம் கழுவி, உடனே வைத்தியரிடம் செல்க. கழுவுங்கால் எதிர்முனையை முதலிற் கழற்றி இறுதியிற் பூட்டுவது நன்று. பழைய பற்றரியைக் கால்வாயிலோ குப்பையிலோ எறிதலாகாது; ஈயம் குழந்தைகளின் மூளையைத் தாக்கும் நஞ்சு. புதிய பற்றரி வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்தால் விலையிற் சிறிது கழிவும் கிடைக்கலாம்.

சுருங்கக் கூறின், கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு: கொள்ளுகின்றதா, வருகின்றதா, கசிகின்றதா, கணக்கு ஒத்துப்போகின்றதா. இவற்றை இவ்வொழுங்கிலேயே கேட்டல் வேண்டும். ஏனெனில் வறண்ட பற்றரியை வைத்துக்கொண்டு பின்னைய சோதனைகளைச் செய்தால் எல்லா எண்களும் பொய் சொல்லும். வழியைச் சோதிக்காது பாகத்தை மாற்றினால், புதிய பாகமும் பழைய பழியையே சுமக்கும்.

வண்டி வைத்திருப்போர் எல்லோரும் இவ்வேலைகளைத் தாமே செய்ய வேண்டும் என்பதில்லை. நல்ல கைத்தேர்ச்சியுள்ள தொழிலாளர் கொழும்பிற் பலர் உளர். ஆயினும் கராச்சுக்குச் செல்லும்போது, "எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும்?" என்று கேட்பதற்கு முன்னர், "ஓய்வில் எத்தனை வோல்ற்று? ஓடும்போது எத்தனை வோல்ற்று?" என்று கேட்டுப் பாருங்கள். அளந்து பார்த்த தொழிலாளர் எண்ணைச் சொல்வார். அவர் கையில் உங்கள் வண்டியை நம்பி விடலாம். எண் இல்லாது பாகத்தின் பெயரை மட்டும் கூறுபவரிடம், அளந்து பார்க்கும்படி பணிவோடு கேளுங்கள். மாலையில் இருள் சூழ்ந்தபின் காலி வீதியின் நடுவே விளக்கு மங்கி நிற்பதினும், காலையில் ஐந்து நிமிடம் செலவிட்டு இரண்டு எண்களை அறிந்து புறப்படுவது பணத்துக்கும் நல்லது, உயிருக்கும் நல்லது.